வடக்கே தலைமாடு

ஆனி 20, வெள்ளி

காலையிலேயே அனல். திருக்கழுக்குன்றம் மலை ஏறி விளக்குப் போட்டாச்சு. முட்டி வலி. மருமகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம். சுகமாய்ப் பெறட்டும், வேதகிரீசா.

கட்டில் மறுபடி வடக்கே தலைமாடு. லேப்டாப்புக்குப் பிளக் அந்தச் சுவரில்தானாம். பிள்ளைத்தாய்ச்சி வடக்கே தலை வைக்கலாமா? அவள் குளிக்கப் போனதும் கிழக்கே திருப்பிவிட்டேன். இரும்புக் கட்டில்தான், சத்தம் வராமல் தள்ளத் தெரியும் எனக்கு. தினமும் நடக்கிறது. சாயங்காலம் மறுபடி வடக்கு. மகன் வேலைதான், வேறு யார்?

புளி தீர்ந்தது.

ஆனி 21, சனி

மாவு அரைத்தேன். கவிதாவுக்கு வீட்டிலிருந்தே வேலை, பழைய வெள்ளைக்காரர் கடிதங்களைத் தமிழில் எழுதுவது. இன்று ஒன்று படித்துக் காட்டினாள். மாமல்லபுரம் பக்கம் கடலோர பங்களா. எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில். யாரோ தினமும் கட்டிலைத் திருப்ப, தண்ணீர் சிந்தியிருக்கிறது. திருப்பியது வேலைக்கார ஆயா என்று துரைசாணி கண்டுபிடித்து அவளை விரட்டிவிட்டாளாம்.

"வடக்க தல வெச்சி படுத்துகினு இருந்திருப்பா. நல்லதுக்குத் திருப்பினவள தொரத்திட்டாளே, பாவி!"

"ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத் திருப்பியிருக்கலாமுங்க அத்தை."

கோயம்புத்தூர்க்காரி. மரியாதையாகவே குத்துவாள். அவள் கண், கட்டில் கால் இழுபட்டு டைல்ஸில் விழுந்த கோட்டின் மேல். நான் மோர் கலக்கப் போய்விட்டேன்.

ஆனி 24, செவ்வாய்

புழுக்கம். சாயங்காலம் கோயிலிலிருந்து சீக்கிரம் வந்தால், கவிதா கட்டிலைத் தள்ளுகிறாள்! ஒரு கை இடுப்பில். திருப்பியது மகன் இல்லை, தினமும் இவள்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

"அய்யோ, வுடுடி! வயித்துல புள்ள கீது!"

"நீங்க விட்டா நானும் விடறனுங்க."

உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு வாயைத் திறந்து சொன்னேன். "வடக்க வேணாம்மா. எனக்கு பயமா கீது."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? கிழக்கே போடுங்க. பிளக்தான் எட்டாது."

நீள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மகனுக்குச் சொல்லணும்.

ஆனி 25, புதன்

பாக்ஸ் வந்தது. கிழக்கே தலைமாடு. மகனே தள்ளினான். மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.

எழுந்ததும் கேட்டேன், "அந்த ஆயா பேரு இன்னா?"

"எழுதலீங்க. வெறும் ஆயாதான்."

நாளைக்கு மலையில் அவளுக்கு ஒரு விளக்கு. பேர் வேதகிரீசருக்குத் தெரியும்.