சாவிக்கொத்தோடு ஒரு பேட்டரி

வியாழன் இரவு, ஃபஹாஹீல், குவைத்.

முழுதாகச் சார்ஜ் ஏற்றியும் அண்ணனின் வேப், அதாவது மின்சிகரெட், பேட்டரி குறைவு என்றே காட்டியது. மாற்று பேட்டரி காரில் கிடந்தது. "இந்த வெயில்ல கார்லயா வைப்ப? எடுத்துப் பாக்கெட்ல போடு" என்று அதட்டியவள் நான்தான். சாவிக்கொத்து இருந்த பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டான். லிஃப்டில் அது சீறிப் புகைந்தது. அலறிக்கொண்டே பேண்ட்டை உதறினான். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துவிட்டது.

பேட்டரியில் சாவி உரசினால் ஷார்ட் ஆகும், தனிப் பெட்டியில் வையுங்கள் என்பதும், பேட்டரியை வெயிலில் வைக்காதீர்கள் என்று நான் படித்த அதே இணையப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெயிலைப் பற்றிப் படித்ததோடு நிறுத்தியிருக்கிறேன்.

"விடு பாப்பா. அண்ணி கேட்டா, டூப்ளிகேட் பேட்டரின்னு சொல்லிடறேன்" என்றான்.

தலையாட்டிவிட்டேன்.