கிழட்டு மிருகம் யார்?

என் கத்துக்குட்டிக்கு,

உன் மெட்டல் பாட்டு நம் சலவைக் கடை வரைக்கும் வந்துவிட்டது. நான் படித்ததோ மூன்றாம் வகுப்பு. நீ கத்துகிற கத்தலில் வார்த்தைகளைப் பொறுக்கி எடுப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"இரும்புக் கதவுக்குள் ஒரு கிழட்டு மிருகம், அது ஒருநாளும் திறக்காது" என்று பாடுகிறாயே, அதற்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் சொல்கிறார்கள். மாடி வீட்டு டீச்சர் மரணம் என்கிறார். துணி போட வரும் டிரைவர் அரசாங்கம் என்கிறார். உன் சித்தி சாத்தானேதான் என்று அடித்துச் சொல்கிறாள். எனக்கு மட்டும் நம் வாசல்தான் நினைவுக்கு வந்தது. நம் வீட்டுக் கதவும் இரும்புதானே.

நேற்று இஸ்திரி போட்டுக்கொண்டே உன் அப்பா, "அந்த மிருகம்னா யாரு?" என்று கேட்டார்.

"அரசாங்கமாம்," என்றேன்.

ஒரே காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். பிறகு, "எனக்கு ஒண்ணும் அவ்வளவு வயசாகல," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

இன்று காலை ஸ்க்ரூடிரைவரோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். கச்சேரி முடிந்து நீ வந்த அன்று உன்னை உள்ளே விடாமல் போட்டாரே, அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "துரு பிடிச்சிருக்கு," என்கிறார். நான் தடவிப் பார்த்தேன். துருவும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆக, உன் பாட்டில் ஒரு வரி இப்போது பொய். வந்து கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு மாற்றி எழுது. வரும்போது தொண்டைக்கு மருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி வா. உன் பேச்சை எடுத்தாலே அவருக்கும் குரல் கம்மிவிடுகிறது.

இப்படிக்கு,
மிருகத்தின் மனைவி