ஓடைக்குப் போன குழாய்

வெஸ்டர்லுண்ட்,
புதன்கிழமை, மார்ச் 1988

கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் குளிரில் நடுங்கும் என் அருமை மச்சான் பிரேபனுக்கு, எகோன் எழுதுவது. உன் தங்கை கிர்ஸ்டனும் நானும் நலம். நான் பராமரிப்பு வேலை பார்க்கும் பள்ளிக்கூடம்தான் நலமில்லை. காரணம் நான். பாதி நீ.

ஏழாம் வகுப்பில் போடில் டீச்சர் செயல்திட்ட முறையில் பாடம் நடத்துகிறார். புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரம் அதன் பின்னாலேயே போவார்கள். நாம் படித்த காலத்தில் நம்மைக் கேள்வி கேட்டார்களே ஒழிய, கேட்க விட்டார்களா? இவர்கள் பிடித்த கேள்வி, பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடை ஏன் நாறுகிறது என்பது.

பன்றிப் பண்ணைதான் என்று ஊரே சொன்னது. நானும் பலமாகத் தலையாட்டினேன். பிள்ளைகள் பண்ணைக்கு முன்னும் பின்னும் ஓடைத் தண்ணீர் எடுத்துப் பார்த்து, பண்ணைக்காரர் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். பிறகு பள்ளியின் ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயிலும் பீட்ரூட் சாறு ஊற்றி, ஓடை சிவக்கிறதா என்று ஆள் நிறுத்திப் பார்த்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக் கழிவறையில் ஊற்றுகிற வேலை எனக்கு. ஜாடியோடு நின்றேன், மச்சான். அந்தக் குழாயைப் போட்டது யாரென்று உனக்குத் தெரியும். கோடை விழாவில் தீ மூட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று, நீயும் நானும் சாக்கடைக் குழாய்வரை இருபது மீட்டர் தோண்ட வேண்டிய இடத்தில் மூன்றே மீட்டர் தோண்டி, ஓடைக்குப் போகும் மழைநீர்க் குழாயில் கோத்துவிட்டோம். சாற்றை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு ஊற்றியாச்சு என்று சொல்லியிருக்கலாம். ஊற்றினேன். ஓடை சிவந்தது.

அல்பெர்தே என்ற பெண் குறிப்பேட்டோடு வந்தாள். "இந்தக் குழாயை யாரு போட்டது, எகோன்?" என்றாள். நான்தான் என்றேன். "ஏன் இப்படிப் போட்டீங்க?" "சீக்கிரம் போய் பீர் குடிக்கணும்னு." சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். "விசாரிச்சதுல நீங்க ஒருத்தர்தான் சுத்தி வளைக்காம பதில் சொன்னீங்க" என்றாள். எனக்குக் கிடைத்த முதல் மார்க்கு.

நாளை கண்காட்சி. நான் சொன்ன பதிலையும் பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டார்கள். நகராட்சிக்காரர்கள் வருகிறார்கள். தலைமையாசிரியர் ஹென்னிங் நேற்றுக் கூப்பிட்டு, "விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க எகோன். உங்க வேலையும் தப்பிக்கும், பள்ளிக்கூடத்துப் பேரும் தப்பிக்கும்" என்றார்.

"பிள்ளைங்க ஆறு வாரம் தேடினதை நான் ஒரு வரியில அழிக்கணுமா? எனக்கு எழுத்து அவ்வளவு வேகமா வராதே" என்றேன்.

"இனிமே போடில் புத்தகத்தை மட்டும் நடத்தட்டும். அந்த அட்டையைச் சுவத்துலேர்ந்து கழட்டுங்க."

"நீங்களே கழட்டுங்க ஹென்னிங். ஆனா ஏணி அறைச் சாவி என்கிட்டதான் இருக்கு. இன்னிக்கு அது எங்க போச்சுன்னே தெரியல" என்றேன்.

ஆக, நாளை அந்த அட்டைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான்தான் என்பேன். உன் பெயரை நான் சொல்ல மாட்டேன், சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. வேலையை விட்டு அனுப்பினாலும், மிச்சம் பதினேழு மீட்டரைத் தோண்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். எங்கே தோண்டுவது என்று பிள்ளைகள் படம் போட்டே கொடுத்துவிட்டார்கள்.

ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்று கிர்ஸ்டன் கேட்கவில்லை. காலையிலிருந்து என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கிறாள். ஒரே சட்டை, இது மூன்றாம் தடவை. நீ கரைக்கு வந்ததும் அவளோடு தொலைபேசியில் பேசு. என்னைப் பற்றி வேண்டாம், வேறு எதையாவது பேசிச் சிரிக்க வை.

கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் மச்சான்,
எகோன்