மறுபடியும் சூடு

மார்ச் 4, செவ்வாய்

திரும்ப வந்துவிட்டது. பதினாலு மாதம் ஒழுங்காக இருந்த இதயம் இன்று கிரேன் கேபினில், கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கும்போது, தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. பைக்குள் போட்ட தவளை மாதிரி. பெட்டியை இறக்கிவிட்டுப் பதினோரு நிமிடம் லீவரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே நிற்கும் சிக்னல்காரன் வாக்கி டாக்கியில் என்னக்கா என்றான். தண்ணீர் குடிக்கிறேன் என்றேன்.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. இந்த யார்டில் கிரேன் ஏறும் ஒரே பொம்பளை நான். "அப்பவே சொன்னோமே" என்று சொல்ல நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரருக்குச் சந்தேகம். டீவி பார்க்கும் சாக்கில் என் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். இருபத்தாறு வருடத்தில் சும்மா கையைப் பிடித்த மனுஷனா இவர்? வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

கண் இருட்டிவிட்டது. இரண்டு விநாடி இருக்கும். பெட்டி ஆடிப் பக்கத்து அடுக்கில் இடித்தது. கீழே சிக்னல்காரன் ஓடியதைப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவன் நேராக சூப்பர்வைசரிடம் போய்விட்டான். "மூணு தடவ கூப்பிட்டேன் சார், அக்காகிட்டேருந்து பதிலே இல்ல." ஒன்பது வருஷம் ஒண்ணா வேலை பார்த்தவன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீட்டிய ரிப்போர்ட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு விட்டெறிந்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஆபீசில் ஒரு மேசை. கேட் பாஸுக்கு முத்திரை குத்தும் வேலை. குத்துகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

இதய டாக்டர். போன தடவை தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, இதயத்துக்குள் தப்பாக மின்சாரம் வரும் இடத்தைச் சுற்றி சூடு வைத்தார் அல்லவா, அந்தத் தழும்பில் இடைவெளி விழுந்திருக்கலாமாம். அது வழியாக மறுபடி கசிகிறதாம். இன்னொரு தடவை உள்ளே போய் அடைக்க வேண்டுமாம்.

சுவருக்குப் பூச்சு பூசுகிற ஆள் மாதிரி பேசுகிறார். முதல் தடவையே ஒழுங்காகப் பூசியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "நூத்துக்கு எழுபது பேருக்குத்தான் ஒரே தடவைல சரியாகும்னு அன்னிக்கே சொன்னேனேம்மா."

சொன்னார்தான். எழுபது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அந்த எரிச்சலை யார் மேல் காட்ட?

ஏப்ரல் 24, வியாழன்

நேற்று முடிந்தது. இரண்டு இடத்தில் இடைவெளி, அடைத்தாயிற்று என்றார். கால் மடக்காமல் ஆறு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தக்கட்டு. நர்ஸ் சிரிக்கச் சொன்னாள். எதுக்கு?

மே 11, ஞாயிறு

மறுபடி தவளை. இருபது நிமிடம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், மூன்று மாதம் வரை புண் ஆறும்போது இப்படித்தான் வந்து போகுமாம், பயப்பட வேண்டாமாம். பயமில்லை, ஆத்திரம் என்றேன்.

போனை வைத்ததும் வீட்டுக்காரர், சமையலறையில் முதுகைக் காட்டியபடியே, "நீ மேல ஏறின ஒவ்வொரு நாளும் நான் வேலைல கவனமா இருந்ததே இல்ல" என்றார். பிறகு பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. இன்றைக்கு அது ஒன்றுதான் புதிது.

ஜூன் 15, ஞாயிறு

சிக்னல்காரன் வந்தான். பழங்களோடு. வாசலிலேயே நிறுத்தி, காட்டிக்கொடுத்தது போதாதா என்று கேட்டேன். அவன் குரல் உயரவே இல்லை.

"ரெண்டடி தள்ளி நின்னிருந்தா நான் இல்லக்கா. இத்தன நாள்ல எனக்கு என்னாச்சுன்னு நீங்க ஒரு தடவகூட கேக்கல."

பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கென்ன திமிர். அவனுக்கென்ன—

அவன் சொன்னது நிஜம். அதான் இவ்வளவு கோபம்.

ஜூலை 28, திங்கள்

கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு வாரம் மாட்டிய கருவியில் துடிப்பு சீராக இருக்கிறதாம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வியாழனிலிருந்து கேபின்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஏறி ஒரு வாரம். இன்று காலை பாதிப் படியில் நெஞ்சு ஒரு குதி குதித்தது. பிறகு இன்னொன்று. மேலே பார்த்தேன். இன்னும் நாற்பது படிதான். போய் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று கால் தானாக ஏறியது.

நின்றேன். வாக்கி டாக்கியை அழுத்தி, "எனக்கு நெஞ்சு தாறுமாறா அடிக்குது. வேற ஆள ஏத்தச் சொல்லு" என்றேன். யார்டு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

சிக்னல்காரன் ஏறி வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தான். ஒன்பது நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. இருவரும் இறங்கவில்லை.

"அன்னிக்கு உனக்கு அடிபட்டுச்சா?"

சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினான். ஆறு தையல். ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததாம்.