மூன்று முறை அழைத்தும்

காஞ்சிபுரம்
12.8.2024

கேஸ் போட்டுத் தோற்ற திருமதி எஸ்தர் அந்தோணி அம்மையாருக்கு, அதே கேஸில் ஜெயித்த அண்ணன் ராமராஜன் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று கேட்கமாட்டேன், வீம்பு.

தபால்காரர் கையில் என் எழுத்தைப் பார்த்து மயங்கி விழுந்திருப்பாய். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படி. அம்மா செத்த அன்றைக்கு, இனிமேல் உன்னோடு பேசமாட்டேன் என்று தெருவே கேட்கச் சத்தியம் பண்ணினேன். ஒன்பது வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன். ஆனால் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அஞ்சாங்கிளாஸ் படித்த ஆட்டோக்காரனுக்கே இவ்வளவு சட்டம் தெரிகிறது. எட்டு வரைக்கும் படித்த உனக்கு ஏன் தெரியவில்லை?

விஷயத்துக்கு வருகிறேன். போன மாத மழையில் நம் வீட்டு மேற்குச் சுவர் விழுந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. உன் அண்ணி மட்டும் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டாள், இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. புதுசாகக் கட்ட அனுமதி கேட்டால் பட்டா கேட்கிறார்கள். பட்டா இன்னும் அப்பா வீராசாமி பேரில். பேர் மாற்றப் போனால், "இந்த வீட்டு மேல ஒரு கேஸ் இருந்துச்சுன்னு குறிப்பு இருக்குதுபா. தீர்ப்பு நகல் கொண்டா" என்கிறார்கள்.

தீர்ப்பு என்னிடம் ஏது? என் வக்கீல் செத்துப்போனார். அவர் குமாஸ்தா எங்கே போனான் என்று தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போய்க் கேட்டேன். "நம்பர் என்ன?" என்றார்கள். தெரியாது என்றேன். "வருஷமாவது சொல்லு." "என் தங்கச்சியைத் தோக்கடிச்ச வருஷம்மா" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். கம்ப்யூட்டரில் என் பேரைத் தட்டினாள். ஊரில் இத்தனை ராமராஜன் கேஸ் போட்டுக்கொண்டு அலைகிறானா என்று எனக்கே மலைப்பு. நம் கேஸ் பழசு, அதில் ஏறவில்லையாம்.

உன்னிடம் பேப்பர் இருந்தால் அனுப்பு. இல்லையென்றால் நம்பர் மட்டும் அனுப்பு. தோற்றவர்களுக்குத்தான் நம்பர் ஞாபகம் இருக்கும் என்று சொல்கிறார்கள்.

மச்சான் அந்தோணியைக் கேட்டதாகச் சொல். எழுத்தில்தான்.

இப்படிக்கு,
வெற்றி வீரன் ராமராஜன்


முசரவாக்கம்
20.8.2024

அண்ணனுக்கு எஸ்தர் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நலம். சுவர் விழுந்தது கேட்டு வருத்தம். அந்தச் சுவரோரம்தான் அம்மா படுப்பாள்.

என்னிடம் பேப்பர் ஒன்றும் கிடையாது. அசல் வழக்கு எண் 318, வருஷம் 2004. முடிந்தது 2005 ஆகஸ்ட் 17. இதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. மறக்கவும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தீர்ப்பை மட்டும் வாங்காதே. கேஸ் கட்டுக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் நகல் கேள். வாங்கினதை வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. எழுத்துக்கூட்டியாவது நீயே படி. அன்றைக்குக் குமாஸ்தா சொன்னதைத்தான் நீ கேட்டாய்.

அண்ணிக்குத் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் கொடு.

எஸ்தர்


காஞ்சிபுரம்
9.9.2024

நம்பரை மறக்காத தங்கச்சிக்கு,

நம்பர் கிடைத்தது. கணக்குப் பாடத்தில் மட்டும் கோட்டை விட்டவள் இதை மட்டும் எப்படி வைத்திருந்தாய்?

கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் லோகேஸ்வரன் என்று ஒருவர் மனு எழுதுகிறார். நகல் மனு எழுதித் தந்தார். "எதுக்கு நகல்? சொந்த உபயோகம்னு போடவா?" என்றார். "பெருமைக்குன்னு போடுபா" என்றேன். "உன்ன மாதிரி நாலு பேர் வந்தா என் பேனா உடைஞ்சிடும்" என்று சொந்த உபயோகமே போட்டார். ஸ்டாம்பு ஒட்டி உள்ளே கொடுத்தேன். அங்கேதான் அந்தச் சிரித்த பெண், பேர் ஜெயப்ரியா. ஆதாரைப் பார்த்தாள். "நீங்கதான் முதல் பிரதிவாதியா? அப்ப உங்களுக்குத் தடையில்லாம கிடைக்கும் சார். வெளியாளா இருந்தா, எதுக்குக் கேக்கறோம்னு சத்தியப் பத்திரம் போட்டு ஜட்ஜ் கிட்ட உத்தரவு வாங்கணும்" என்றாள். சார் என்றாள்! ஆட்டோ ஸ்டாண்டில் போய் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தீர்ப்பு மட்டுமா, முழுக் கட்டா?" என்று கேட்டாள். முழுசும் கேள் என்று நீ எழுதியிருந்தாயே. "எல்லாமே குடும்மா, படத்தைப் பாதியில பாக்கக் கூடாது" என்றேன். ரெக்கார்டு ரூமில் கட்டைத் தேடி எடுக்க வேண்டுமாம். கிடைத்தால் பலகையில் மனு நம்பர் போடுவார்கள். பார்த்து ஸ்டாம்புத் தாள் கட்ட வேண்டும், அப்புறம்தான் நகல். இரண்டு தரம் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டேன். பத்தாவது ரிசல்ட் பார்க்கிற மாதிரி ஒரே கூட்டம். நான்தான் பத்தாவது வரைக்கும் போனதில்லையே, இப்போதுதான் அந்தச் சுகம் கிடைக்கிறது.

காத்திருக்கும்போது டவாலி வெளியே வந்து ஒரு பேரை மூன்று தரம் கூப்பிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படித்தானே அன்றைக்கு என் பேரையும் கூப்பிட்டார்கள், நானும் சிங்கம் மாதிரி போய் நின்றேன்! அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் ஆயிரம் வாலா சரவெடி வைத்தேனே, புகையில் நீ இருமிக்கொண்டே பஸ் ஏறினாய். சரி சரி, பழசு.

உன் அண்ணிக்குத் தொண்டை சரியாகிவிட்டது. கஷாயம் சொல்லிக் கொடுத்த பாவம் உன்னைச் சும்மா விடாது.

இப்படிக்கு,
சார் ராமராஜன்


முசரவாக்கம்
18.9.2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அவருக்குச் சர்க்கரை கூடிக் காலில் புண். மகள் விடுப்பில் வந்து பார்த்துக்கொள்கிறாள்.

சிங்கம் மாதிரி நின்றதாக எழுதியிருக்கிறாய். பத்தொன்பது வருஷமாக ஊர் வாயில் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நேராக எனக்கே எழுதுவாய் என்று நினைக்கவில்லை. இப்போது பதில் எழுதப் போவதில்லை. நகல் வரட்டும்.

எஸ்தர்


காஞ்சிபுரம்
14.10.2024

ரேவதிக்கு,

அம்மா வைத்த பேரில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நகல் போன வாரம் கிடைத்தது. நாற்பத்தோரு பக்கம். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு சவாரி வந்து திரும்பிப் போனது. விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, நீ சொன்ன மாதிரியே படித்தேன்.

தீர்ப்பு என்று ஒரு பக்கம்தான் இருக்கிறது. நான் ஜெயித்ததாக அதில் எங்கேயும் இல்லை. அப்படியே எழுதுகிறேன். "முதல் பிரதிவாதி மூன்று முறை அழைத்தும் ஆஜரில்லை. இரண்டாம் பிரதிவாதி கங்கையம்மாள் ஆஜர். வாதி வழக்கைத் திரும்பப் பெறுவதாக மனு. மீண்டும் வழக்குத் தொடரும் உரிமையுடன் அனுமதிக்கப்பட்டு வழக்கு தள்ளுபடி."

அதற்குப் பின்னால் உன் கையெழுத்தில் ஒரு தாள். "என் தாயாரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதை நான் விரும்பவில்லை. ஆகையால் வழக்கை நடத்தவில்லை." கீழே ரேவதி என்கிற எஸ்தர்.

நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். எதிரே டீக்கடையில். கோர்ட்டுப் படி ஏறக் கால் வரவில்லை. கறுப்புக் கோட்டைப் பார்த்தாலே எனக்குப் பயம். அம்மாவை, "நீ உள்ள போய் உக்காருமா, நான் வந்துக்கினே இருக்கேன்" என்று அனுப்பினேன். பஜ்ஜி சாப்பிட்டேன். குமாஸ்தா ஓடிவந்து, "முடிஞ்சுதுபா, ஜெயிச்சுட்ட!" என்றான். மற்றதெல்லாம் நானே கட்டின கதை. சொல்லிச் சொல்லி நின்றதாகவே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் கதையை வைத்துக்கொண்டுதானே அம்மா செத்த அன்று வாசலில் கையைக் குறுக்கே வைத்து, "கேஸ் போட்டவ இந்தப் படி ஏறக் கூடாது" என்றேன். நீ கரண்டு கம்பத்தடியில் நின்றாய். பாடை உன்னைத் தாண்டிப் போகும்போதுதான் அம்மா முகத்தைப் பார்த்தாய். பேப்பரைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தக் கம்பம்தான் கண்ணில் நிற்கிறது.

லோகேஸ்வரனிடம் தாளைக் காட்டினேன். "உன் தங்கச்சிக்கு உரிமை அப்படியே இருக்குதுபா. அவங்க கையெழுத்து இல்லாம பேர் மாறாது" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு தரகன் என் காதில், "தங்கச்சி பேரையே சொல்லாம வாரிசுச் சான்று வாங்கிடலாம், நான் பாத்துக்கறேன்" என்றான். ஒரு நிமிஷம் யோசித்தேன். உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை, யோசித்தேன். அப்புறம் வந்துவிட்டேன். சுவருக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. மழை வரப் போகிறது.

கையெழுத்துக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது? அம்மாவும் சொல்லவில்லை. நீயும் ஏன் சொல்லவில்லை?

ராமராஜன்


முசரவாக்கம்
23.10.2024

அண்ணா,

உன் கடிதத்தில் கேலி ஒன்று கூட இல்லை. நீயேதான் படித்தாய் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

நீயே படித்துவிட்டுக் கேட்டாய், அதனால் சொல்கிறேன். அந்த வருஷம் இவர் கை மெஷினில் மாட்டி வேலை போயிருந்தது. குடியிருக்கப் பின்கட்டு அறை ஒன்றைக் கேட்டேன். நீ தரமாட்டேன் என்றாய். கோபத்தில் வீட்டில் பாகம் கேட்டு கேஸ் போட்டேன். பிரதிவாதியாக அம்மா பேரையும் சேர்க்க வேண்டும் என்று வக்கீல் சொன்னபோது சரி என்றேன். அது என் தப்பு. உன் மேல் போடுவதற்கில்லை.

அன்றைக்கு முதலில் உன் பேரைக் கூப்பிட்டார்கள். மூன்று தரம். நீ வரவில்லை. அப்புறம் "கங்கையம்மாள்" என்று கூப்பிட்டார்கள். அண்ணா, நம் அம்மாவை யார் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்? வீராசாமி பொண்டாட்டி, ராஜா அம்மா. அவ்வளவுதான். முதல் தரம் அவளுக்குத் தன் பேர் என்றே தெரியவில்லை. இரண்டாம் தரம் எழுந்தாள். கோயில் என்று நினைத்தாளோ என்னவோ, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது உள்ளே போய், செருப்போடு சேர்த்துக் கையைக் கூப்பி, "வந்துட்டேன் சாமி. நான் ஒண்ணும் திருடலபா" என்றாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்தது உன்னைத் தேடித்தான். "ராஜா எங்கடி?" என்று என்னைத்தான் கேட்டாள். கேஸ் போட்டவளைக் கேட்டாள்.

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வக்கீல் திட்டினார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மா என் கையை விடவில்லை. "நான் பயந்தத அவன் கிட்ட சொல்லாத. டீக்கடையில குந்திக்கினு இருந்துட்டமேன்னு நெனச்சே செத்துடுவான். ஜெயிச்சதாவே இருக்கட்டும், விடு" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீ மட்டும்தான் சத்தியத்தைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்தாயா? கரண்டு கம்பத்தடியில் நிற்கும்போது கூட நான் வாய் திறக்கவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாதே என்றுதான் அவள் சொன்னாள். கோர்ட்டுக் காகிதத்தைப் படிக்கச் சொல்லாதே என்று சொல்லவில்லை. இந்தச் சட்டம் உன்னிடம் கற்றதுதான்.

கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் தபாலில் அனுப்பமாட்டேன். எந்த ஆபீசுக்கும் வந்து நிற்கவும் மாட்டேன். வருகிற 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பதினோரு மணி பஸ்ஸில் வருகிறேன். அதே கரண்டு கம்பத்தடியில் நிற்பேன். நீ வாசலில் வந்து நின்று என் பேரைக் கூப்பிட வேண்டும். ரேவதி என்று, மூன்று தரம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, தெருவில் பிள்ளைகள் வெடி வெடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் கேட்க வேண்டும். அன்றைக்கு நீ சொன்னதைக் கேட்ட எல்லா வீட்டுக்கும் இதுவும் கேட்க வேண்டும். பேசமாட்டேன் என்றுதானே சத்தியம்? கூப்பிடமாட்டேன் என்று நீ சொல்லவில்லை.

கூப்பிட்டால் படி ஏறி வருவேன். பட்டாவில் ஒரு பேரா, இரண்டு பேரா என்பதை அம்மா படுத்த இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

அன்றைக்கும் உனக்குக் கால் வராமல் போகலாம். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டரை மணிக்குத் திரும்புகிற பஸ் இருக்கிறது. அதுவரைக்கும் நிற்பேன். அப்புறம் நீ ஆஜரில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவேன்.

ரேவதி