ரிவர்ஸ்டனில் கேட்டதற்குப் பதில்

பெப்ரவரி 7, வெள்ளி

வெள்ளிதோறும் நான் பல்லேகமையிலிருந்து மாத்தளை வீட்டுக்கு வரும் பஸ் ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் நின்றுவிட்டது. முன்னால் ரேடியேட்டர் புகை, சுற்றிவரப் பனிமூட்டம், எது எதென்றே தெரியவில்லை. பிரதேச செயலகத்தில் என்னோடு வேலை செய்யும் அஜந்தா அக்காவும் நானும் வீதியோரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றோம். மிளகு மூட்டை ஏற்றிய குட்டி லொறி ஒன்று வந்து நின்றது.

ஓட்டியவன் ஹுஸ்னி. டியூஷன் கிளாஸில் எனக்கு முன் வாங்கில் இருந்தவன். அவன் பின்தலை மயிர் எப்போதும் எழும்பி நிற்கும். இன்னும் நிற்கிறது!

"நிப்லாதானே? மாத்தளைக்குத்தான் போறேன், ஏறுங்க."

எனக்குக் கால் எழவில்லை. "ஏறும் பிள்ளை, நடுவில நான் இருக்கிறன்" என்றார் யாழ்ப்பாணத்து அஜந்தா அக்கா. வழி முழுக்க அவர்கள் இருவரும் பேசினார்கள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினேழு வயதில் கிளாஸ் ட்ரிப் வந்ததும் இதே இடத்துக்குத்தான். "ஒன்ன எனக்குப் புடிச்சீக்கி. ஓமா இல்லையா, ஒரு சொல்லு போதும்" என்றான் ஹுஸ்னி. நான் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். பிறகு நான் பேராதனைக்குப் போனேன், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவன் பரீட்சையில் தவறி லொறி ஓட்டப் போனான். அவ்வளவுதான் என்றிருந்தேன்.

அவ்வளவுதானா?

பெப்ரவரி 8

நேற்று உடுத்திருந்த ஹபாயாவில் இன்னும் மிளகு வாசம். தங்கச்சி பஸ்லா தும்மிக்கொண்டே இருக்கிறாள். நான் கழுவப் போடவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

பஸ் நன்றாகத்தான் ஓடுகிறதாம். ஆனாலும் லொறி வந்து அலுவலக வாசலில் நின்றது. அஜந்தா அக்கா எதுவும் கேட்காமல் ஏறி நடுவில் உட்கார்ந்தார்.

ரத்தோட்டையில் அவர் வாழைப்பழம் வாங்க இறங்கினார். ஹுஸ்னி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அன்டைக்கி நீங்க ஒன்டும் சொல்லல்ல. இல்லைன்டு எடுத்துக்கிட்டேன்" என்றான்.

இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? சொல்லவேயில்லையே! ஆனால் இதையும் சொல்லவில்லை. அதற்குள் வாழைப்பழம் வந்துவிட்டது. என் வாய்க்கு என்னதான் வந்தது?

பெப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உம்மா பக்கத்தில் வந்து, அக்குறணையில் ஒரு கணக்காளர் மாப்பிள்ளை, நல்ல குடும்பம், விருப்பமா என்று கேட்டார். தலை தானாகக் குனிந்தது. கண்ணில் தண்ணீர் வேறு, வெங்காயத் தண்ணீர்.

கல்யாணமாகாத குமருப் பிள்ளை வாய் திறக்காவிட்டால் சம்மதம். அதுதான் எங்கள் வழக்கம். உம்மா சந்தோஷமாக எழுந்து போனார். பின்னேரம் சம்மதத்துக்கு இனிப்பாக அக்குறணைக்கு வட்டிலப்பம் போய்விட்டது!

வட்டிலப்பத்தை எப்படித் திருப்பிக் கேட்பது?

பெப்ரவரி 18

பல்லேகமை போர்டிங்கில் இருக்கிறேன். பஸ்லா போன் எடுத்தாள். இந்த ஞாயிறு அக்குறணைக்காரர் பொண்ணு பார்க்க வருகிறார்களாம். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். "வாயத் தொறந்து சொல்லு ராத்தா. கெம்பஸ்ல நாலு வருஷம் என்னத்தப் படிச்ச?" என்றாள். மேசையைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். மேசையிடம் நன்றாகத்தான் சொல்கிறேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன்.

அதே வளைவு, அதே பனி. நடுவில் அஜந்தா அக்கா. இறங்கும்வரை பொறுத்தால் திரும்பவும் வாய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, நேரே முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "இங்க வச்சுக் கேட்டதுக்கு... ஓம்" என்றேன்.

கியர் கத்தியது, லொறி குலுங்கி நின்றது. பின்னால் வந்த சைக்கிள்காரர் சிங்களத்தில் ஏசிக்கொண்டு போனார். அஜந்தா அக்கா வெளியே பார்த்தபடி, "நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

அக்குறணை விஷயத்தையும் சொன்னேன். ஹுஸ்னிக்கு முகம் விழுந்துவிட்டது. உடனே வந்து வாப்பாவிடம் பேசுவதாகச் சொன்னான். "முதல்ல நான் பேசணும்" என்றேன். நானா சொன்னேன்?

பெப்ரவரி 22, சனி

வாப்பா கடையில் கராம்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, நான் சும்மா இருந்தது சம்மதம் இல்ல."

சுளகு நின்றது. மீதியையும் சொன்னேன்.

"அவன் படிக்கல்லையே மகள்."

"நான் படிச்சீக்கிறேன்தானே வாப்பா. ஒரு வீட்டுக்கு ஒன்டு போதும்."

வாப்பா ஒன்றும் பேசாமல் திரும்பவும் புடைக்கத் தொடங்கினார். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? மௌனம் எவ்வளவு கொடுமை என்று இப்போதுதான் தெரிகிறது. பாவம் ஹுஸ்னி.

பெப்ரவரி 23, ஞாயிறு

உம்மா என்னோடு கதையில்லை. ஆனால் காலையில் வாப்பா அக்குறணைக்குப் போன் எடுத்தது கேட்டது. "புள்ள ஓம் சொல்லல்ல. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம், மன்னிச்சுக்கோங்க." போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "அந்த லொறிக்காரன வரச்சொல்லு" என்றார்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

இன்று என் கல்யாணம். எழுத நேரமில்லை, கை முழுக்க மருதாணி. ஆனாலும் இதை எழுதாமல் முடியாது.

லுஹர் தொழுகைக்குப் பிறகு வாப்பா இரண்டு சாட்சிகளோடு அறைக்குள் வந்தார். மாப்பிள்ளை தரும் மஹரைச் சொல்லி, சம்மதமா மகள் என்று கேட்டார். தலை குனிந்தால் போதும் என்று உம்மா ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். அறை நிறையப் பெண்கள். எல்லோரும் என் தலையைத்தான் பார்த்தார்கள்.

"சம்மதம் வாப்பா!"

யாரோ சிரித்தார்கள். உம்மா நெற்றியில் கை வைத்தார், பிறகு அவரும் சிரித்தார். "கேக்குது மகள், கேக்குது" என்றார் வாப்பா.

முன்பக்கத்தில் ஆண்கள் இருந்த இடத்துக்கும் கேட்டதாம், பஸ்லா ஓடி வந்து சொன்னாள். ஹுஸ்னிக்கும்.