கட்டை விரல்

12-8-84, ஞாயிறு

கரீம் பாய் போய்ச் சேர்ந்து இன்னைக்கு நாற்பதாம் நாள், வீட்டுல பாத்தியா ஓதினாங்க. பழைய கார் வெச்சிருக்கிறவங்க சங்கத்தோட தலைவர் வேலூர்லேர்ந்து போட்டோக்காரனோட வந்து இறங்கினார். கையில ரோஜா மாலை வேற. பாத்தியா வீட்டுக்கு எவனாவது மாலை எடுத்துட்டு வருவானா? பாய் உயிரோட இருந்தப்ப அவரோட செங்கம் ரோடு மெக்கானிக் ஷெட்டை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். வாசல்ல நின்ன பாயோட பழைய காரைக் காட்டி, "கரீமும் நானும் சேர்ந்துதான் இந்தக் காரைப் பிரிச்சு மாட்டினோம்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். துடைக்க அங்க ஒண்ணும் இல்ல.

அப்புறம் போட்டோவுக்காக, காரை நானே கிளப்பறேன்னு கோட்டைக் கழட்டினார். அதுக்கு சாவி போட்டுக் கிளப்புற செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. முன்னாடி இரும்பு ஹேண்டிலைச் சொருகி சுத்தணும். சில நேரம் ஹேண்டில் எதிர்ப்பக்கமா திருப்பி அடிக்கும். அதனால கட்டை விரலை மத்த விரல்களோட ஒரே பக்கமா வைக்கணும். ஷெட்டுக்குள்ள கால் வெச்ச எல்லாருக்கும் பாய் கத்துற முதல் வார்த்தை இதுதான்: "கட்டை விரலைச் சுத்திப் பிடிக்காதீங்க, ஒடைஞ்சிடும்!"

தலைவர் கடப்பாரையைப் பிடிக்கிற மாதிரி சுத்திப் பிடிச்சார். பிரிச்சு மாட்டின லட்சணம்!

ஒரே அடி. விரல் ஒடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. பாயோட தம்பி ஈரத்துணி தேடி ஓடினார். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு, ஜாஸ்தியாவே.

இப்ப அந்தச் சிரிப்பு வரமாட்டேங்குது. அந்தாள் பிடிச்ச பிடியை நான் முன்னாடியே பார்த்துட்டேன். வாயைத் திறக்கல. பாய்க்கும் அவரைக் கண்டா ஆகாது. ஆனா பாய் இருந்திருந்தா கத்தியிருப்பார்.